மான் போட்ட துணியும் ஒட்டகம் போட்ட துணியும்

இயேசு மரி சூசை துணை

லாலாகூடா, செகந்திராபாத்
நவம்பர் மாதக் கடைசி

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு அப்பா எழுதுவது. கடவுள் கிருபையால் நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அவளுடைய முழங்கால் மட்டும் நன்றாக இல்லை. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று பயப்படாதே, நானேதான். மாடி வீட்டுச் செல்லம்மா டீச்சர் சொல்லிக்கொடுத்து இந்த வருடம் எனக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது. ரயில்வே பட்டறையில் இருந்த காலம் முழுவதும் பெட்டிகளின் மேல் எழுத்து வெட்டிய தகரத் தகட்டை வைத்துப் பெயிண்ட் அடித்தேன், என்ன எழுத்து என்று ஒரு நாளும் தெரியாது, ஆனாலும் பெட்டிகள் சரியான ஊருக்குத்தான் போய்ச் சேர்ந்தன. இப்போது ஜெபப் புத்தகம், காலண்டர், அப்பளப் பாக்கெட் ஒன்றையும் விடுவதில்லை. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் சாய் ஆறிவிடுகிறது. இருந்தாலும் எழுதுவதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது, நடுவில் உன் அம்மா பேச முடியாது. இத்தனை வருடம் அப்பா சொல்லச் சொன்னார் என்று உனக்கு வந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். நான் சொன்னது அடுப்படி வரைக்கும்கூடப் போயிருக்காது. இந்தக் கடிதத்தை அவளிடமும் காட்டவில்லை, டீச்சரிடமும் காட்டவில்லை, அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய பார்சல் போன வாரம் வந்தது. பிரித்துப் பார்த்தால் சிவப்பு பைஜாமா, சிவப்புச் சட்டை, மேலே எல்லாம் மான், மானுக்கு மூக்கும் சிவப்பு. எனக்கு ஒரு ஜோடி, அம்மாவுக்கு ஒரு ஜோடி. இதே மாதிரி நீங்கள் நாலு பேரும் அங்கே போட்டுக்கொள்வீர்கள், டிசம்பர் இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் வீடியோவில் எல்லோரும் ஒரே உடுப்பில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும், இனி வருடா வருடம் இதுதான் நம் குடும்ப வழக்கம் என்று நீ போனில் சொன்னாய். அம்மா ஆகட்டும் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் புடவை தவிர எதையும் உடுத்தமாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். இரண்டு நாள் கழித்துக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள், நான் எட்டிப் பார்த்தேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். பாக்கெட் இருப்பது பிடித்துப்போய்விட்டது, ஜெபமாலை வைக்க வசதியாக இருக்கிறதாம். இப்போது படத்துக்கு மேலே ஒரு சால்வை மட்டும் போர்த்திக்கொள்வேன் என்கிற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறாள்.

நான் என்னுடைய சட்டையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நாங்கள் காலையில் உட்காரும் ஈரானி ஹோட்டலுக்குப் போனேன். காட்டத்தான் போனேன், பெருமைதான், மறைப்பானேன். அங்கே நாங்கள் மூன்று பேர். என்னோடு பட்டறையில் ஃபிட்டராக இருந்த வேதாசலம் மாமாவை உனக்குத் தெரியும். இன்னொருவர் இளங்கோவன், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சைனிக்புரியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறார். டிசம்பர் நெருங்கினால் எங்கள் பேச்சு முழுவதும் பிள்ளைகள் அனுப்பும் பரிசைப் பற்றித்தான். வேதாசலம் சொல்கிறான், "தீபாவளிக்கு ஒண்ணும் வராது, பொங்கலுக்கும் வராது, கிறிஸ்துமஸ் வந்தா மட்டும் அமெரிக்காவுலேர்ந்து பெட்டி பெட்டியா வருது. கேட்டா அப்பதான் டிஸ்கவுண்டாம். உன் சாமி புண்ணியத்துல நான் பரிசு வாங்கறேன் சூசை." போன வருடம் அவன் மகள் கால் பிடித்துவிடும் மெஷின் அனுப்பினாள். காலை உள்ளே விட்டால் போலீஸ்காரன் பிடித்த மாதிரிப் பிடிக்கிறதாம், விடவே மாட்டேன் என்கிறதாம். இப்போது அவன் வீட்டில் அதன் ஒரு ஓட்டையில் வெங்காயமும் இன்னொன்றில் பூண்டும் இருக்கிறது. மகள் கேட்டால் தினமும் உபயோகமாகிறது என்று சொல்கிறான், பொய் இல்லை. இளங்கோவனுக்கு நடையை எண்ணும் கைக்கடிகாரம் வந்திருக்கிறது. "ஸ்கூட்டர்ல வரும்போது குண்டும் குழியும் ஏறி இறங்குது இல்லண்ணே, அதையெல்லாம் நடைன்னு எண்ணிடுது. பையன் அங்கேருந்து பாத்துட்டு வெரி குட் டாடின்னு மெசேஜ் போடறான். நானும் தேங்க்ஸ்பான்னு போட்டுடறேன்" என்றார். அங்கே மகனுக்குச் சந்தோஷம், இங்கே இவருக்குச் சந்தோஷம், நடக்க வேண்டிய கால் மட்டும் வீட்டில் நீட்டிக்கொண்டு இருக்கிறது.

உன் சட்டையை எடுத்துக் காட்டினேன். வேதாசலம் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். உனக்கும் ஞாபகம் இருக்கும், நான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜெனரல் பஜாரில் ஒரே துணிக்கட்டை முழுசாக வாங்கி வருவேன், கட்டாக எடுத்தால் விலை குறைவு. அதையெல்லாம் அவன் இளங்கோவனுக்கு விளக்கினான், "அந்தத் துணியிலதான் பொண்ணுக்கு கவுன், பையனுக்குச் சட்டை, அவங்கம்மாவுக்கு ஜாக்கெட், மிச்சம் இருந்தா ஜன்னலுக்கு கர்ட்டன். கோயில்ல இவன் குடும்பம் நின்னா வீட்டு ஜன்னலே கிளம்பி வந்து நிக்கற மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணு தம்பி பக்கத்துல நிக்க மாட்டேன்னு தூணுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கும். இப்ப பாருங்க, கடல் தாண்டிப் போயி அங்கேருந்து அப்பனுக்கே ஒரே துணி அனுப்பிடுச்சு. பழிக்குப் பழி, ஹவ் கி நை சூசை?" நான் ஹவ் என்றேன். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கமில்லை, என் வழக்கம் தப்பில்லை என்று அயர்லாந்து வரைக்கும் ஒப்புக்கொண்டாகிவிட்டதே.

அப்போது இளங்கோவன், விஷயம் தெரியாத மனிதர், "மாதாப்பூர்ல இருக்கற தம்பிக்கும் இதேதானாண்ணே?" என்று கேட்டார். வேதாசலம் அவரை மேசைக்கு அடியில் காலால் இடித்தான், இடி எனக்கு விழுந்தது. நான் சர்க்கரை போட்ட சாயை மறுபடியும் கலக்கிக்கொண்டிருந்தேன்.

நான் கோபமாக எழுதவில்லை ஸ்டெல்லா. போன கிறிஸ்துமஸுக்கு நீ நாலு வருடம் கழித்துக் குடும்பத்தோடு வந்தாய், உன் தம்பி அமல்ராஜ் ஆபீஸ் நண்பர்களோடு கோவாவுக்குப் போய்விட்டான். ஊரிலேயே இருக்கிறவன் ஒரு நாள் ஊரில் இருக்கக் கூடாதா என்று நீ கேட்டாய். வருடம் முழுவதும் எங்களை டாக்டரிடம் கூட்டிப்போகிறவன் மூன்று நாள் வெளியே போகக் கூடாதா என்று அவன் கேட்டான். இரண்டு பேர் சொன்னதும் நியாயம், அதனால்தான் சமாதானம் ஆகவில்லை. ஒருவர் தப்பாக இருந்தால் எப்போதோ மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பீர்கள். அதிலிருந்து நீ அவனோடு பேசவில்லை, அவன் உன்னோடு பேசவில்லை, எல்லாம் உன் அம்மா வழியாகத்தான். அவள் வழியாகப் போனால் சொன்னது சொன்னபடி போகாது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அமல்ராஜும் மருமகள் சுமதியும் குட்டி அஸ்வினியும் சாப்பிட வந்தார்கள். அம்மா பைஜாமாக்களைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள், புதுத் துணியைத் துவைக்காமல் போடக் கூடாதே. அவன் கொடியருகில் நின்று, "இது என்னம்மா, ரெண்டு பேரும் சர்க்கஸ்ல சேந்துட்டீங்களா?" என்றான். அக்கா எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பியிருக்கிறாள், அன்றைக்கு எல்லோரும் போட்டுக்கொண்டு படம் எடுக்க வேண்டுமாம் என்று அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டேதான், "எல்லாருக்கும்னா, எங்களுக்கு?" என்று கேட்டான். கேலி மாதிரித்தான் கேட்டான், ஆனால் பிடித்த சட்டைக் கையை விடவில்லை. உன் அம்மா கண் இமைக்காமல், "உங்களுது தனிப் பார்சல்டா, கஸ்டம்ஸ்ல நிக்குது, வந்துடும்" என்றாள். அன்றைக்கு ரசம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான், ரசம் அவனுக்குப் பிடிக்காது.

அவர்கள் போனதும் அம்மா என்னைப் பார்த்து, "என்ன பாக்கறீங்க? நான் சொன்னது பொய்யாயிடக் கூடாதுன்னா எழுந்து போய்த் துணி எடுத்துட்டு வாங்க" என்றாள். உன்னிடம் கேட்டு அனுப்பச் சொல்லலாமே என்றேன். கேட்டு வாங்கினால் அது பரிசா என்று கேட்டாள். வேதாசலத்தைக் கூட்டிக்கொண்டு ஜெனரல் பஜார் முழுக்க ஏறி இறங்கினேன். பூ இருக்கிறது, யானை இருக்கிறது, கார் இருக்கிறது, சிவப்பில் மான் மட்டும் இல்லை. கடைசிக் கடையில் குழந்தைகள் விரிப்புக்கு என்று வந்த துணி, சிவப்பில் மஞ்சள் ஒட்டகம். நான் வேண்டாம் என்று திரும்பினேன். வேதாசலம் என் கையைப் பிடித்து, "கைக்கு நக்கோங்கற, ஏன் வேணாங்கற? உன் வேதத்துல மூணு ராஜா எதுல வந்தாங்க? மான்லயா வந்தாங்க? நீ குடுக்கறதுதான் அசல், உன் பொண்ணு அனுப்பினதுதான் டூப்ளிகேட்டு" என்றான். தீபாவளி கொண்டாடுகிறவன் சொல்லி நான் கிறிஸ்துமஸைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கட்டாகவே வாங்கினேன், பழக்கம் விடவில்லை. மெட்டுகூடா தையல்காரர் உன் பைஜாமாவை மாதிரிக்கு வைத்துக்கொண்டு மூன்று ஜோடி தைத்துக் கொடுத்தார். உன் அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், எங்கள் சட்டைகளின் கழுத்தில் இருந்த, அந்த ஊர்க் கடைப் பெயர் போட்ட பட்டிகளைப் பிரித்து அவன் சட்டையிலும் சுமதி சட்டையிலும் வைத்துத் தைத்தாள். அஸ்வினிக்குப் பட்டி இல்லை. கேட்டால் சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்து உறுத்தும் என்று அங்கே பட்டி வைப்பதில்லை என்று சொல்ல வேண்டும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். இவளைப் பட்டறையில் வைத்திருந்தால் பழைய பெட்டியைப் புதுப் பெட்டி என்று ஓடவிட்டிருப்பாள்.

நேற்று அவர்கள் வந்தபோது பார்சல் வந்துவிட்டது என்று எடுத்துக் கொடுத்தோம். அஸ்வினி கேமல் கேமல் என்று குதித்தாள், சுமதி நல்ல காட்டன் என்று தடவிப் பார்த்தாள். அமல்ராஜ் சட்டையைப் பிரித்தான், பட்டியைப் பார்த்தான், தையலைத் திருப்பிப் பார்த்தான். அம்மா காபி போட உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து குனிந்து, "அப்பா, அயர்லாந்துல ஒட்டகம் இருக்கா?" என்றான். மிருகக்காட்சிசாலையில் இருக்கும் என்றேன். சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஆனால் சட்டையைக் கீழே வைக்கவில்லை. உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தான். அதோடு உட்கார்ந்து காபி குடித்தான், அதோடுதான் கார் ஓட்டிக்கொண்டு மாதாப்பூருக்குப் போனான், சிக்னலில் எத்தனை பேர் பார்த்தார்களோ. கேட்டருகில் என்னிடம், "அம்மாகிட்ட ஒண்ணும் கேக்காதீங்கப்பா, அக்கா அனுப்பினதாவே இருக்கட்டும். இருபத்து நாலாம் தேதி படம் எடுக்கறதுக்கு முன்னாடி நானே அக்காவுக்குப் போன் பண்ணி தேங்க்ஸ் சொல்லிக்கறேன்" என்றான்.

ஆகவே இங்கே நிலைமை இதுதான். அம்மா அவனை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவன் ஏமாந்த மாதிரி நடந்துகொள்கிறான், நான் இரண்டு பேரிடமும் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கிறேன், நீ கொடுக்காத பரிசுக்கு உனக்கு நன்றி வரப்போகிறது. அதற்கு முன்னால் உனக்கு உண்மை தெரிய வேண்டும் என்றுதான் இதை என் கையாலேயே எழுதுகிறேன், போனில் சொன்னால் உன் அம்மா காதில் விழும். கடிதம் போய்ச் சேர நாள் இருக்கிறது. கல்கலும் அச்சு முறுக்கும் தனிப் பெட்டியில் அம்மா அனுப்புகிறாள், அதில் நொறுங்கியது போக மீதி உங்களுக்கு. இருபத்து நாலாம் தேதி ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி போட்டால் யாரிடமாவது மாற்றிக்கொள். பனியில் காரை மெதுவாக ஓட்டு, மாப்பிள்ளைக்கும் சொல். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா முத்தம் கொடுத்ததாகச் சொல். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும், மாதா உனக்குத் துணையாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே மகளே. தம்பி போன் செய்து நன்றி சொல்லும்போது, எந்தத் துணி என்று கேட்காதே. அளவு சரியாக இருக்கிறதா என்று கேள்.

உன் அப்பா,
ம. மரியசூசை
(இது என் கையெழுத்து, கைநாட்டு அல்ல)