மகள் பேரில் போட்ட லேஸ்

அக்கா,

வீடெல்லாம் சோற்றுக் கஞ்சி வாசனை. மாதா கோயில் பீடத் துணியை அலசிக் கஞ்சி போட்டு, லேஸ் ஓரத்தைப் பின் குத்திக் காயவைத்திருக்கிறேன். இந்த வேலை என்னிடம் வந்த கதையை உங்களுக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சொல்லாமலும் முடியவில்லை.

பெங்களூர் போகும் காலை ரயிலில் நீங்கள் எதிர் சீட்டில் உட்கார்ந்து டாட்டிங் என்கிற லேஸ் பின்னல் போடுவீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், படகு மாதிரி ஒரு ஷட்டில், அதிலிருந்து விரலில் சுற்றிய நூல். முடிச்சு முடிச்சாகப் போட்டு இழுத்தால் பூவிதழ் மாதிரி ஒரு வளையம். நானும் கேட்டு வாங்கிப் போட்டேன். என் முதல் வளையத்தைத் தூக்கிப் பார்த்து, "இன்னாப்பா இது, சுரங்கத்துல கேஜ் இறக்குற கயிறா?" என்றீர்கள். பெட்டியே சிரித்தது. பத்தாவது தாண்டாமல் மெஷினுக்கு கிரீஸ் அடிக்கப் போனவனுக்கு, அந்தக் கயிறு எப்படியோ பிடித்துப்போனது.

லேஸ் போடுகிறவர்களின் வாட்ஸப் குரூப்பில் நீங்கள்தான் சேர்த்துவிட்டீர்கள். சனிக்கிழமையானால் அந்த வாரம் எதுவரை முடித்தோம் என்று ஆளாளுக்குப் படம் போட வேண்டும். எல்லாரும் பெண்கள். நான் பயந்துபோய், மகள் போட்டது என்று அனுப்பிவைத்தேன். பாப்பாவுக்கு என்ன நைசான விரல் என்று பாராட்டு வந்து குவிந்தது. என் விரலைப் பார்த்திருந்தால் குரூப்பையே கலைத்திருப்பார்கள். விஷயம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். "உம் பொண்ணுக்கு மீசை மொளைக்கிறதுக்குள்ள சொல்லிடுப்பா" என்பீர்கள். சொல்றேன்க்கா, சொல்றேன்க்கா என்று நாள் ஓட்டியதில், நீங்கள் போய்ச் சேர்ந்து, ஆண்டர்சன்பேட்டை கோயிலில் உங்கள் முப்பதாம் நாள் பூசையே வந்துவிட்டது.

ஆளுக்கொரு பூ போட்டு, பூசையன்று ஒன்றாகக் கோத்து, உங்கள் நினைவாக ஒரு பீடத் துணி கொடுப்பதாகக் குரூப்பில் முடிவானது. பாப்பாவைக் கட்டாயம் கூட்டி வரச் சொன்னார்கள். போகாமல் இருக்க முடியுமா? யாராவது கேட்டால் சும்மா தலையாட்டு என்று வழியெல்லாம் அவளிடம் கெஞ்சிக்கொண்டு போனேன். காலேஜ் படிக்கிற பெண்ணிடம் அப்பன் கெஞ்சுகிற காரியமா அது?

பூசை முடிந்து துணியை மேசையில் விரித்தார்கள். எல்லாப் பூவும் சேர்ந்தும், கடைசி வளையம் மட்டும் மூடவில்லை. ஒரு டீச்சரம்மா ஷட்டிலை மகளிடம் நீட்டி, நீ இழுத்துப் பாரும்மா என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு பட்டன்கூட தைக்கத் தெரியாது ஆன்ட்டி. எல்லாம் அப்பா போட்டது" என்றாள். அதைப் பெருமையாக வேறு சொன்னாள்.

டீச்சரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப இன்னா வேடிக்க பாக்குறீங்க? உக்காருங்க."

விரல் நூலில் விழ வேண்டிய முடிச்சு ஒன்று தப்பாக ஷட்டில் நூலிலேயே விழுந்திருந்தது. அதனால்தான் நூல் ஓடவில்லை. குண்டூசியால் நெம்பிப் பிரித்தேன். காது சுட, நானும் அதே தப்பைப் போட்டேன். மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. அடுத்த தரம் மூடியது. துணிக்குக் கஞ்சி போடுகிற பொறுப்பையும் அங்கேயே என் தலையில் கட்டினார்கள். ஒருத்தரும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் இவ்வளவு கூசாது.

நேற்று ரயிலில் பக்கத்துக்காரர் என் கையைப் பார்த்து, என்ன சார் இது என்றார். "லேஸ். நான்தான் போடுறேன்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால், பெட்டிக்கே கேட்கிற மாதிரி சொல்லவைத்திருப்பீர்கள். அந்தக் குரல் எனக்கு இன்னும் வரவில்லை, அக்கா.