புதுப்பட்டியிலிருந்து வந்த மெழுகுக்கட்டி

எம். புதுப்பட்டி
12.8.2024

செல்லக்கனிக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று டாக்டரிடம் போனேன். புராஸ்டேட் சுரப்பியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். புற்றுநோய் என்று லேபில் எழுதிவிட்டார்கள். செப்டம்பர் இருபதாம் தேதி ஆபரேஷன். ஐஸ்வர்யா மாசமாக இருக்கிறாள், அவளிடம் சொல்லாதே.

ஆறு வருடத்துக்கு முன் மதுரை வேலையா, நானா என்று கேட்டுத் தப்புச் செய்தேன். ஆனாலும் கேட்கிறேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. கொஞ்ச நாள்தானே.

சீனிவாசகம்


மதுரை
17.8.2024

ஐஸ்வர்யா அப்பாவுக்கு,

கொஞ்ச நாள் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். ரிப்போர்ட்டை எங்கள் லேப் டாக்டர் ஞானதீபத்திடம் காட்டினேன். "ஆபரேஷனுக்கு முன்னாடி நானும் ஒருதடவை பார்த்துடறேன். எடுத்த சதையைப் பதிச்சு வச்சிருக்கிற மெழுகுக்கட்டியை வாங்கி அனுப்பச் சொல்லுங்க" என்றார். அங்கே லேபில் கேட்டால் கொடுப்பார்கள். வெயிலில் வைக்காதீர்கள், உருகிவிடும். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

செல்லக்கனி


மதுரை
4.9.2024

ஐஸ்வர்யா அப்பாவுக்கு,

முதலில் சேதி. உங்களுக்குப் புற்றுநோய் இல்லை.

நீங்கள் அனுப்பிய மெழுகுக்கட்டியை நான்தான் மெல்லிசாகச் சீவினேன். எத்தனையோ பேருடையதைச் சீவியிருக்கிறேன். உங்களுடையதில் முதல் சீவல் கிழிந்துபோனது. சாயம் ஏற்றிக் கொடுத்ததும் டாக்டர் என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். "சின்னச் சின்னச் சுரப்பியா நெருங்கிக் கிடக்கு. பார்த்த உடனே புற்றுநோய்னுதான் தோணும். ஆனா சுத்தி பழுப்பா ஒரு வரிசை தெரியுதா? அதுதான் அடிச்செல். அங்கங்க விட்டுப்போனாலும் இருக்கு. புற்றுநோய்னா அது இருக்காது." இன்னொரு டாக்டரும் பார்த்து அதையே சொன்னார்.

உங்கள் டாக்டரிடம் பேசியாகிவிட்டது. ஆபரேஷன் இல்லை. வீக்கத்துக்கு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

வேலையை விட்டு வரமாட்டேன். ஆனால் லீவு போட்டு உங்களைப் பார்க்க வருவதென்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். இப்போது அந்த மனசை என்ன செய்வதென்று தெரியவில்லை.

செல்லக்கனி


எம். புதுப்பட்டி
11.9.2024

அன்புள்ள செல்லக்கனிக்கு,

பட்டாசுக் கம்பெனி வாசலிலேயே படித்தேன். "கெட்ட சேதியாண்ணே?" என்றான் கூட வேலை பார்க்கும் ராஜசிங். "இல்லலே, நல்ல சேதிதான்" என்றேன்.

நீ வேலையை விட வேண்டாம். தீபாவளி லோடு ஏறியதும் நின்றுகொள்கிறேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டேன். நான் மதுரைக்கு வருகிறேன். நோயாளியாக இல்லை, சும்மாதான். சேர்த்துக்கொள்வாயா? வேண்டாம் என்றாலும் எழுது, கோபப்பட மாட்டேன்.

உன் சீனிவாசகம்


மதுரை
16.9.2024

அன்புள்ள உங்களுக்கு,

வீடு சின்னது. என் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் பார்த்தேன். இன்னொரு கட்டில் போடலாம்.

வாங்க.

செல்லக்கனி