துணி மடிக்கும் இடத்திலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாகத்தான் இருக்கிறோம், உடம்பு மட்டும் கொஞ்சம் அலுத்துக் கிடக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் இல்லை என்றே பதில் போடு. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாள், படியை நான்தான் கட்டிவைத்த மாதிரி. அண்ணன் வேலைக்குப் போகிறான் வருகிறான், வந்ததும் சுருண்டு படுத்துவிடுகிறான். மேல்வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவரெல்லாம் ஈரம், வீட்டுக்காரர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார்.

போன வாரம் அண்ணன் வேலை விஷயமாக உன் ஊர்ப்பக்கம் வந்து ஹாஸ்டல் வாசலில் பை கொடுத்துவிட்டுப் போனான் அல்லவா, நீ வகுப்பில் இருந்ததால் உன் அறையில் இருக்கும் அந்த உயரமான பெண்தான் இறங்கிவந்து வாங்கிக்கொண்டாளாம். தங்கச்சி எல்லாரோடயும் நல்லாப் பழகுறாளா என்று இவன் சும்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கிறான். அதற்கு அவள், "அவளுக்கு இங்க யாரோடயும் பழக்கம் இல்லண்ணே, தனியாத்தான் சாப்பிடப் போவா, கூப்பிட்டாலும் படிக்கணும்னு சொல்லிடுவா, எங்களப் புடிக்கலபோலன்னு நாங்களும் விட்டுட்டோம்" என்றாளாம். அண்ணன் வந்து என்னிடம் மட்டும் சொன்னான். நீ வாராவாரம் போனில் சொல்லும் தோழிகளை நினைத்துப் பார்த்தேன், சேர்ந்து சினிமாவுக்குப் போனது, ஒருத்திக்குச் சளி பிடித்தது எல்லாம். கோபமில்லை பாப்பா. நாங்கள் கவலைப்படுவோமே என்றுதானே சொன்னாய். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அந்தச் சளிக்காரிக்கு மருந்துப் பொடி இடித்து அனுப்ப வேண்டும் என்று கிளம்பியிருக்கிறாள், அதனால் அடுத்த போனில் அவளைச் சீக்கிரம் குணமாக்கிவிடு. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே, "அங்கயே ஏதாவது காலேஜ்ல சேந்துக்கட்டுமாப்பா" என்று கேட்டது விளையாட்டுக்கு இல்லை என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.

இங்கேயும் உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. நான் இப்போது ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுவதில்லை. நீ கிளம்பிப்போன கொஞ்ச நாளிலேயே கண் டாக்டர் பார்த்துவிட்டு இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். பயப்படாதே, மருந்து போடுகிறேன், மனிதர்கள் முகம் நன்றாகத் தெரிகிறது, எதிரே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. வேலையை விட்டு அனுப்பாமல் சலவைப் பகுதிக்கு மாற்றினார்கள். ஆக நீயும் நானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் புதிதாகச் சேர்ந்த ஆட்கள். அங்கே உலர்த்தும் மெஷினின் சூடு முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், பிளீச்சிங் வாடை வீட்டுக்கு வந்தும் மூக்கைவிட்டுப் போகாது. வந்து குவியும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். மடிக்கும் மேஜையில் நான்கு பெண்கள், ஆம்பளை நான் ஒருவன்தான். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் ஜன்னலோரம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், நான் மெஷினுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். வயது போன காலத்தில் இதெல்லாம் ஒரு வருத்தமா என்று எனக்கே வெட்கமாக இருக்கும். வீட்டில் கேட்டால் நன்றாகப் போகிறது என்பேன்.

விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். யாரையும் கூப்பிட மனசு வராமல் ஒரு ஓரத்தைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாக மடிப்பேன், மறு ஓரம் தரையில் புரளும். ஒருநாள் அதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டாள், உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். தரையில் பட்டதையெல்லாம் திரும்பத் துவைக்கணும், இவ்வளவு வயசாச்சு ஒரு துணி மடிக்கத் தெரியாதா என்று எல்லார் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். தரையில் பட்ட விரிப்பைச் சுருட்டித் திரும்ப அழுக்குக் கூடையில் போட்டேன். அவள் போனதும் சவுண்டு அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள், மெஷினைவிடச் சத்தமாகப் பேசுவதால் அந்தப் பெயர், அவள் நேராக என்னிடம் வந்து, "நீங்க ஆபீஸ்ல எங்கள வேவு பாக்க அனுப்பின ஆளுன்னுல்ல நெனச்சோம், ஆபீஸ் ஆள இப்படியா திட்டுவாங்க, அந்த முனையப் பிடிங்கண்ணே" என்றாள். இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே என்றேன். நீங்களும் வாயத் தொறக்கலயே என்றாள். திட்டு வாங்கித்தான் எனக்கு அந்த ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. தோள்பட்டை கழன்று போகிறது, கீழே வண்டி ஹாரன் கேட்டால் கை தானாக ஸ்டியரிங்கைத் தேடுகிறது, அந்த நால்வரில் ஒருத்தி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் உன் அறைப் பெண் சொன்னதைக் கேட்டபோது எனக்குச் சவுண்டு அக்காதான் ஞாபகத்துக்கு வந்தாள். அவர்களுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று நீ ஒதுங்கியிருக்கிறாய், உனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை என்று அவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். சாப்பிடக் கிளம்பும்போது நானும் வரேன் என்று ஒரு தடவை சொல்லிப் பார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்குப் போன் பண்ணு, இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம். அதற்கும் மேல் முடியவில்லை என்றால் வீட்டுக்கு வா, உன் கட்டில் மேல் குவிந்து கிடக்கும் துணியை எடுத்துவிட்டால் போதும். எங்களுக்குப் பயந்துகொண்டு மட்டும் அங்கே கிடக்காதே.

நேற்று கண் பரிசோதனைக்குப் போனதால் சாப்பாட்டு நேரம் தப்பிவிட்டது. எல்லாரும் முடித்திருப்பார்கள் என்று நேராக அந்தப் பழைய ஸ்டூலுக்குத்தான் போனேன், அங்கே ஸ்டூல் இல்லை. ஜன்னலோரம் எடுத்துப் போட்டு வைத்திருந்தார்கள், நால்வரும் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு பேசாதவளும்தான்.

குளிர் காலம் வருகிறது, ஈரத்தலையோடு வகுப்புக்குப் போகாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும். இனிமேல் மனசு சரியில்லாத நாளில் போன் பண்ணினால் அப்பாவிடம் கொடு என்று அம்மாவிடம் சொல், எனக்குப் புரிந்துவிடும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா