பட்டியலில் இல்லாத குழாய்

அன்புள்ள மகளுக்கு,

உடம்பளவில் நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுத மனம் ஒப்பவில்லை. ஏற்கெனவே உன்னிடம் தொலைபேசியில் ஒரு பொய் சொல்லிவிட்டேன். இரண்டாவதைக் கையெழுத்தில் சொல்ல விருப்பமில்லை. மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் அன்பைத் தெரிவி.

வீட்டுக்கு வெள்ளையடிப்பதால் குழந்தையை இப்போது கொண்டுவர வேண்டாம் என்று போன வாரம் சொன்னேன் அல்லவா? வெள்ளையடிப்பு எதுவும் இல்லை. உன் பயிற்சி அடுத்த மாதம் பத்தாம் தேதி தொடங்குகிறது என்பதும், அந்த ஒரு வருடம் குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்ற நம்பிக்கையில்தான் நீ அந்த இடத்தை ஏற்றுக்கொண்டாய் என்பதும், நான் கையை விரித்தால் அது பறிபோகும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். "அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா, மறைக்காம சொல்லுங்கப்பா" என்று கேட்டாய். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. கோளாறு நகராட்சியில் இருக்கிறது. கொஞ்சம் என்னிடமும் இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் நீ இடையிடையே கேள்வி கேட்பாய், நான் வரிசை தவறிவிடுவேன். ஆகவே இந்தக் கடிதம்.

நகராட்சித் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என் வேலை என்னவென்று நீ அறிவாய். மாதந்தோறும் குறிப்பிட்ட குழாய்களில் தண்ணீர் பிடித்து, கிருமி இருக்கிறதா என்று சோதித்து, கையெழுத்திட்டு மேலே அனுப்புவது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊரின் பழைய குழாய்களை எல்லாம் மாற்ற அரசிடமிருந்து பெருந்தொகை ஒதுக்கப்பட்டது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. முதல் தவணையில் வேலை நடந்து, தண்ணீர் திருந்தியிருக்கிறது என்று பரிசோதனை அறிக்கை காட்டினால்தான் இரண்டாம் தவணை. எந்தெந்தக் குழாய்களில் சோதிப்பது என்று பட்டியல் தரும்படி ஆணையர் என்னைக் கேட்டார். நான் விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் தெருத்தெருவாக நடந்து பன்னிரண்டு குழாய்களைத் தேர்ந்தெடுத்தேன். மாதாமாதம் அதே குழாய்களாக இருக்க வேண்டும், எந்நேரமும் கைக்கு எட்ட வேண்டும் என்பது விதி. ஏழாவது குழாய் நம் வீட்டு வாசல் குழாய். நம் தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் நாய் இருக்கிறது என்பதைத் தவிர அதில் எனக்கு வேறு எண்ணம் இருந்ததில்லை. ஊரில் ஒருவரும் இதை நம்புவதில்லை, நீயாவது நம்பு.

ஆறு மாதத்தில் பன்னிரண்டு குழாய்களிலும் தண்ணீர் பளிங்கு போல ஆகிவிட்டது. நான் மகிழ்ந்தேன். கண்ணாடிச் சட்டமிட்ட பாராட்டுச் சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள். என் கையெழுத்தின் பலத்தில் இரண்டாம் தவணை வந்து சேர்ந்தது. அதை என்ன செய்தார்கள் என்று எழுதவே அருவருப்பாக இருக்கிறது. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஒரு வளைவு கட்டினார்கள். நிறம் மாறும் விளக்குகள், இரண்டு பக்கமும் சிமெண்டு அன்னங்கள், நடுவே நகராட்சித் தலைவரின் பெயர். அந்த வளைவின் கீழே யாரும் நடப்பதில்லை. ஏனெனில் அது எந்தச் சாலையின் மீதும் நிற்கவில்லை. சாலையை மறிக்க அனுமதி கிடைக்காததால் பத்தடி தள்ளி, வெறும் புல்தரையில் கட்டிவிட்டார்கள். தலைவருக்கு இப்போது ஊரில் 'வளைவு' என்றுதான் பெயர். "வளைவு வந்துட்டாரா, கையெழுத்து வாங்கணும்" என்று அலுவலக ஊழியர்களே கேட்டுக்கொள்கிறார்கள். திறப்பு விழாவில் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். இந்தக் கைதான் தட்டியது.

நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருக்கும் தையற்காரியை உனக்கு நினைவிருக்கும். உன் கல்யாணத் துணிகளைத் தைத்தவள். போன ஆண்டு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நம் பேரனுக்கு இரண்டு மாதம் மூத்தவள். தையற்காரி மெஷினில் உட்காரும் நேரமெல்லாம் குழந்தை உன் அம்மாவின் மடியில்தான். நான் மதியம் சாப்பிட வரும்போது தட்டில் கைவைக்க அதற்கு ஒரு தனி உரிமை.

மூன்று மாதங்களுக்கு முன் தையற்காரி ஒரு பழச்சாறு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தாள். சாக்கடை நாற்றம் அடிக்கிறது, சோதித்துச் சொல்லுங்கள் என்றாள். கிருமி நீக்காத பாட்டிலில் பிடித்த தண்ணீரைச் சோதிக்க விதியில்லை என்றேன். மறுவாரம் பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்து அதில் பிடித்து வந்தாள். அவள் வீட்டுக் குழாய் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாத குழாயின் முடிவு செல்லாது என்றேன். மூன்றாம் முறை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "உங்க வாசல் குழாய்ல மட்டும் தனி ஆறா சார் ஓடுது? எங்க சந்து உங்க கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கந்தானே" என்று கேட்டாள். அதிகப்பிரசங்கம் என்று எனக்குக் கோபம் வந்தது. பொறியியல் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடு என்றேன். கொடுத்தாள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டும் கொடுத்தார்கள்.

அடுத்த வாரமே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் தையற்காரி வெறுங்கையோடு திரும்பினாள்.

உனக்குத் தொலைபேசியில் சொல்லாதது இதைத்தான் மகளே.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, யாருடைய உத்தரவும் இல்லாமல், அந்தச் சந்துக்குப் போய் அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சோதித்ததில் மலக்கிருமி எண்ணி முடியாத அளவுக்கு இருந்தது. பிறகு பட்டியலில் இல்லாத இருபத்துமூன்று வீடுகளில் பிடித்தேன். பத்தொன்பதில் அதே அசுத்தம். இந்த ஊர் தன் கழிவைத் தானே குடித்துக்கொண்டிருக்கிறது.

நான் பொறியாளரிடம் போனேன். அவர் வேர்க்கடலை தின்றுகொண்டே வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினார். எதையும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. புதுக் குழாய்கள் நீல நிறத்தில் வரையப்பட்டிருந்தன. நீர்த்தொட்டியிலிருந்து கிளம்பிய நீலக்கோடு ஒவ்வொன்றும் என் பன்னிரண்டு குழாய்களில் ஒன்றில் போய் நின்றது. அந்தக் கோடுகள் கடந்து போகும் தெருக்களைத் தவிர ஊரில் ஓரடி மண்ணைக்கூடத் தோண்டவில்லை. அவர் கடலைத்தோலை ஊதிவிட்டுச் சொன்னார்: "குழாய் போட்டது ஜனங்களுக்கா சார்? உங்க லிஸ்டுக்கு. நீங்க அவ்ளோ சுத்தமா நம்பர் போட்டுக் குடுத்துட்டீங்க, எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். உங்க வீட்டுக்கும்தானே புதுசு வந்திருக்கு, சந்தோஷப்படுங்க." அந்தக் கடலையில் எனக்கும் ஒரு பிடி நீட்டினார்.

எல்லா முடிவுகளையும் அறிக்கையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். ஆணையர் என்னை அழைத்தார். அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், பட்டியலில் இல்லாத குழாயின் முடிவு செல்லாது என்றார். தையற்காரியிடம் நான் சொன்ன அதே வாக்கியம். ஒரு சொல்லும் மாறவில்லை. நான் திரும்பப் பெறவில்லை. என்னைத் தற்காலிகமாகப் பணியிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி விசாரணை. அது முடியும்வரை ஊரை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. பட்டியலைத் தயாரித்தவன் நான் என்பதை நானே முதலில் சொல்லப் போகிறேன்.

உன் அம்மா வாசல் கதவைப் பகல் முழுவதும் திறந்து வைத்திருக்கிறாள். சந்துக்காரர்கள் குடத்தோடு வந்து நம் குழாயில் பிடித்துப் போகிறார்கள். தையற்காரி மட்டும் வருவதில்லை. அவளுக்கு உன் அம்மா கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறாள். தன் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு இப்போது நியாயம் பேசுகிறான் என்று நம் தெருவிலேயே ஒருவர் என் காதுபடச் சொன்னார்.

இனி உன் விஷயம். நம் வீட்டுத் தண்ணீர் சுத்தமானதுதான், பேரன் வந்தால் என்ன என்று முதலில் உன் அம்மாவே கேட்டாள். விதிப்படி அவள் கேட்டது சரி. நம் பின்னறையில் தையல் மெஷின் ஓசை கேட்கிறது. அப்படியானால் நம் வீட்டுச் சத்தமும் அங்கே கேட்கும் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலை பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவ காதுல விழற தூரத்துல நம்ம பேரன் சிரிக்க வேண்டாங்க. நான் அங்க போய்ப் பாத்துக்கறேன்" என்றாள்.

ஆகவே உன் அம்மா எட்டாம் தேதி காலை வண்டியில் அங்கு வந்து சேர்வாள். ஒரு வருடமும் உன்னுடன் இருப்பாள். நீ தயங்காமல் பயிற்சியில் சேர். மாப்பிள்ளையை நிலையத்துக்கு அனுப்பு. அவள் கீழ்ப்படுக்கையில் வருகிறாள், ரயில் பெட்டி எண்ணைத் தனியே குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது என்பதை அவளாகச் சொல்ல மாட்டாள், மாடிப்படி ஏறவிடாதே. நான் எப்படிச் சாப்பிடுவேன் என்று நீங்கள் இருவரும் கவலைப்பட வேண்டாம். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். குழந்தையைக் கையில் வாங்கும்போது அவள் அழுதால் அது மகிழ்ச்சியில் என்றே வைத்துக்கொள். ஏன் என்று கேட்காதே. சில நாட்கள் அவனை வேறொரு பெயரால் கூப்பிடக்கூடும். திருத்தாதே. அவன் சின்னவன், அந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கட்டும்.

அவன் நோய் நொடி அறியாமல் நெடுங்காலம் வாழட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா