ஹேண்டிலில் இறுக்கிய திருகு

திருத்தங்கல்
10.12.2007

அன்பு மகன் முனியராஜுக்கு அப்பா ஊர்க்காவலன் சொல்லச் சொல்ல எழுதியது. இங்கே நானும் உன் அம்மா கருப்பம்மாளும் நல்ல சுகம், இடுப்பு வலி அவளுக்கு, அதைக் கேட்கிற வேலை எனக்கு, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ சார்ஜாவில் கை கால் சுகத்தோடு இருப்பதாக எழுதியிருக்கிறாய், அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருசத்தில் கிடக்கிறது. பாம்பன் பாலம் பிய்ந்து, ரயிலோடு சனம் போன அறுபத்துநாலாம் வருச மார்கழி. எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணம் முடிந்து ஏழு மாதம், நீ பிறக்க இன்னும் பன்னிரண்டு வருசம் இருந்தது. அங்கே போவதற்கு முன்னால் வீட்டுச் சேதியை முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் வண்டிக் கதை வந்ததும் அப்பாவுக்கு வீடு மறந்துபோயிற்று என்பாய்.

உன் அக்கா செல்வலட்சுமி சுகம். தீபாவளிக்கு அப்புறம் அடைத்திருந்த பட்டாசுக் கம்பெனி திறந்து பத்து நாளாகிறது, வேன் காலை ஆறரைக்கே முக்கில் வந்து ஹாரன் அடிக்கிறது, அவள் தலையை வாரிக்கொண்டே ஓடுகிறாள், சீப்பு வேனுக்குள்ளேயே குடியிருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதுவது சாதிக் பாட்சா. அவன் காலண்டர் கடையில் உட்கார்ந்து சொல்கிறேன், சீசன் நேரம், இரண்டு வரிக்கு ஒரு தரம் யாராவது வந்து சாம்பிள் கேட்கிறார்கள், அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். வீட்டில் வைத்துச் சொல்லலாம் என்றால் நான் ஒரு வரி சொல்ல உன் அம்மா இரண்டு வரி சேர்ப்பாள். போனில் பேசலாம் என்றால் அவள் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாலு வீட்டுக்குக் கேட்கும்படி உட்கார்ந்துகொள்வாள். அவள் எழுதச் சொன்னது ஒன்றே ஒன்று, அந்த மோட்டார் சைக்கிளை வித்துப்போட்டு மறுவேலை பாக்கச் சொல்லுங்க என்றாள். எழுதிவிட்டேன். இனி அவள் கேட்டால் எழுதினேன் என்று சத்தியம் பண்ணலாம்.

உன் கடிதத்தைச் சாதிக் மூன்று தடவை வாசித்துக் காட்டினான். வேகமாகப் போனால் ஹேண்டில் உதறுகிறது, அதற்கு டேம்பர் என்று ஒரு சாமான் போட வேண்டும், அதில் இரண்டு வகை இருக்கிறது, எதை வாங்க என்று கேட்டிருக்கிறாய். ஒன்று சைக்கிள் பம்பு மாதிரி கம்பியோடு வண்டிக்குக் குறுக்கே படுத்திருக்குமாம், உன் சிநேகிதன் வேறு வண்டியில் கழற்றி வைத்திருக்கிறான், சும்மாவே தருகிறான். இன்னொன்று ஹேண்டில் தலைமேல் சின்ன டப்பா மாதிரி உட்காருமாம், திருகினால் டிக் டிக்கென்று இருபது படி ஏறுமாம், அது புதிது. பெண் பார்த்திருக்கிறோம், ஒரு பதில் எழுது என்று கேட்டால் ஆறு மாதமாக யோசிக்கிறேன் என்கிறாய், ஒரு டேம்பருக்குப் பக்கம் பக்கமாக, நீளம் எவ்வளவு, குணம் எப்படி, நம் வண்டிக்கு ஒத்துப்போகுமா என்று விசாரித்திருக்கிறாய். சாதிக் வாசித்துவிட்டு, மாமா, இதுக்கு ஜாதகமும் கேப்பான் போலிருக்கே என்றான்.

நான் ஓட்டிய வண்டியில் இருந்த திருகைப் பற்றி நீ சின்னதில் கேட்டிருக்கிறாய். அது நான் வேலை பார்த்த சிவகாசி அச்சாபீஸ் முதலாளியின் வண்டி, பட்டாளத்தில் கழித்துவிட்ட இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள். ஹேண்டிலின் நடு உச்சியில் கறுப்பாக, உள்ளங்கை அகலத்தில் அந்தத் திருகு இருக்கும். இறுக்கினால் ஹேண்டில் கனக்கும், தளர்த்தினால் லேசாகும். மெக்கானிக் கருப்பணன் அதைக் காட்டிக்கொடுத்த அன்றைக்கே, ஏலே ஊர்க்காவலா, இது தண்ணிக்கொழா இல்ல, ஒழுகுது ஒழுகுதுன்னு இறுக்கிக்கிட்டே போறதுக்கு, உதறல் எங்கன நிக்குதோ அங்கனயே நீயும் நிறுத்திக்க என்று சொன்னார். எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் விருதுநகரில் அறுபத்திரண்டு கடைக்குக் காலண்டர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், கடைவாசலை வைத்தே ஞாபகம், ஒரு கட்டு இடம் மாறியதில்லை. கருப்பணன் சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தால் போதுமா.

புயல் அடித்த மூன்றாம் நாள், மழை விட்டும் விடாமலும் இருந்தது. புது வருசத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, கடைக்காரர்கள் ஆள் மேல் ஆள் அனுப்புகிறார்கள் என்று முதலாளி இரண்டு நாள் லோடை ஒரே நடையில் ஏற்றச் சொன்னார். இரண்டு பக்கமும் கட்டு, பின்னால் கட்டு, அதற்கும் பின்னால் பைண்டிங்கில் இருந்த பீர் முகைதீன், அதாவது சாதிக்கின் அத்தா, மடியில் ஒரு கட்டோடு. பின்பக்கம் அவ்வளவு கனம் இருந்தால் முன்சக்கரம் தரையில் எப்படி உட்காரும். திருத்தங்கல் தாண்டி வேகம் எடுத்ததும் ஹேண்டில் உதறியது. ஒரு சுற்று இறுக்கினேன். மறுபடி உதறியது, இன்னொரு சுற்று. கண்மாய்க் கரை வளைவு வந்தபோது ரோடு ஒரு பக்கம் போக நாங்கள் ஒரு பக்கம் போய்த் தண்ணீரில் இறங்கினோம். மிச்சம் உனக்கே தெரியும், அறுபத்தைந்தாம் வருசம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும் கண்மாயில் மிதந்தது. பீர் முகைதீன் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையிலும் இரண்டு காலண்டர் லட்சுமியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர்க்காவலா, சரசுவதி அங்கன போகுது பாரு, புடி என்று கத்தினார். முதலாளியிடம் புயல் மேல் பழியைப் போட்டேன். அந்த வாரம் ராமநாதபுரம் ஜில்லாவில் எல்லாப் பழியும் புயல் மேல்தான் போனது, என்னுடையதும் அதோடு போயிற்று.

இனி உன் டேம்பருக்கு வருகிறேன். எண்ணெய் ஊற்றிய டேம்பரை நான் தொட்டதில்லை, ஆனால் சிவகாசியில் பென்ஷன் வாங்கப் போகும் பேங்கில் கதவு உச்சியில் ஒரு இரும்புக் கை இருக்கிறது, கதவை மெல்லத் தள்ளினால் மெல்ல வழி விடும், படாரென்று அடித்தால் விடாது. நீ சொல்வதும் அந்த ஜாதிதான் என்று புரிந்துகொண்டேன். அதனால் கையில் எடுத்துப் பார், மெதுவாக நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் எதிர்க்க வேண்டும், நடுவில் எங்கேயும் பிடித்துப் பிடித்து வரக்கூடாது, எண்ணெய் கசிந்த தடம் இருக்கக்கூடாது. சிநேகிதன் தருவது வேறு வண்டிக்கு அளவெடுத்தது, உன் ஹேண்டிலை இந்தக் கடைசி வரைக்கும் அந்தக் கடைசி வரைக்கும் ஒடித்துப் பார், கம்பி நீளம் பத்தாமல் நடுவழியில் இடித்தால் அது டேம்பர் இல்லை, முட்டுக்கட்டை. சும்மா வருகிறதே என்று மாட்டிக்கொள்ளாதே. புதியதை வாங்கினால் முதல் படியில் வைத்து ஓட்டு, உதறினால் ஒரு படி ஏற்று, நின்ற இடத்தில் விடு, ஊருக்குள் வரும்போது இறக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் டயரில் காற்று, ஹேண்டில் கழுத்துக் கோன் செட்டில் ஆட்டம், சக்கரம் நேராக இருக்கிறதா, பின்னால் என்ன ஏற்றியிருக்கிறாய், இது நாலையும் பார். நல்ல வண்டி காரணம் இல்லாமல் உதறாது. டேம்பர் உதறலை அடக்கும், காரணத்தை அடக்காது.

இப்போது அந்தக் கை கால் சுகத்துக்கு வருகிறேன். நீ மூன்று போட்டோ அனுப்பியிருக்கிறாய், வண்டி பச்சை நிறத்தில் வெட்டுக்கிளி மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. மூன்றிலும் இடது பக்கம். ஒன்றில் நீ ஏறி உட்கார்ந்திருக்கிறாய், ஒன்றில் சாய்ந்து நிற்கிறாய், ஒன்றில் வலது கையைப் பைக்குள் விட்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறாய். ஏலே, அந்த வண்டிக்கு வலது பக்கமே செய்யவில்லையா. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் உன் எழுத்தைத் தெரியும், எப்போதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கும். இந்தக் கடிதத்தில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. நீ விழுந்திருக்கிறாய். உன் அம்மாவிடம் போட்டோவை மட்டும் காட்டினேன், கடிதத்தைக் காட்டவில்லை, அவள் எழுத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி.

விழுந்ததை மறைத்ததற்கு நான் கோபப்பட முடியாது, ஏனென்றால் கண்மாய்க் கதையில் நான் நாற்பத்து மூன்று வருசமாக ஒரு துண்டை விட்டுவிட்டுத்தான் சொல்லிவருகிறேன். நீ ஒவ்வொரு தரமும் லட்சுமி சரசுவதியில் விழுந்து விழுந்து சிரிப்பாய், நானும் அங்கேயே நிறுத்திக்கொள்வேன். அந்த வளைவில் ஒரு பெண் வந்தாள். ஆனைக்குட்டத்துப் பெண், இருபது வயது இருக்கும், அங்கே அணை கட்டாத காலம், தலையில் புல்லுக்கட்டு, கரையோரமாக ஒழுங்காகத்தான் வந்தாள். நான் அவளைப் பார்த்து ஹேண்டிலை ஒடித்தேன். வரவில்லை. அவ்வளவு இறுக்கி வைத்திருந்தேன். பலம் போட்டு ஒடித்ததும் வேண்டாத அளவுக்கு வந்தது, வண்டி அவள் முழங்காலில் இடித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கியது. பீர் முகைதீன் லட்சுமியைக் கீழே போட்டுவிட்டு முதலில் கரைக்கு ஓடினார். அவளைக் கட்டிலில் வைத்து அவள் ஊருக்குத் தூக்கிப் போனார்கள். எலும்புக்குக் கட்டுப் போட்டவர் கேட்டதற்கு, மழையில் வழுக்கி விழுந்தேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். நான் பதினோரு நாள் கழித்துத்தான் போனேன், போக தைரியம் வர அவ்வளவு நாள் ஆயிற்று. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ஒமக்கு வேலை போயிட்டா எனக்குக் காலு வந்துருமாக்கும் என்றாள்.

இதைச் சொன்னதும் சாதிக் பேனாவை வைத்துவிட்டான். அவன் அத்தா சாகிற வரைக்கும் வீட்டில் இதை வாய் திறக்கவில்லையாம். டீ வரவழைத்துக் குடித்துவிட்டு எழுதுகிறான். கருப்பணனுக்கும் தெரியும், வண்டியைத் தூக்கிவந்து திருகைக் கழற்றியபோது அவர் இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தார். முதலாளி வண்டியை விற்றதால்தான் நான் ஓட்டுவதை விட்டேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் விற்றது அடுத்த வருசம். நான் விட்டது அன்றைக்கு. அதிலிருந்து வருசம் தவறாமல் டிசம்பரில் ஒரு தினசரி காலண்டர் கொண்டுபோய் அந்த ஆனைக்குட்டத்துப் பெண்ணின் வீட்டில் மாட்டிவிட்டு வருகிறேன், உன் அம்மா அதை ஏதோ கடைக்குக் கொடுக்கிற காலண்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனைக்குட்டத்துக்காரியும் சும்மா விடுவதில்லை. பஸ்ஸிலயா வந்தீரு, வண்டியிலயா, எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு முன்னாலயே சொல்லிரும் என்பாள். சொல்லிவிட்டு எழுந்து வந்து தண்ணீர் கொடுப்பாள், படி ஏறும்போது ஒரு காலை வைத்து மற்றக் காலை இழுத்துச் சேர்ப்பாள்.

அதனால் நான் கேட்பது இதுதான். நீ விழுந்தபோது எதிரில் யாராவது இருந்தார்களா. வண்டியின் வலது பக்கம் தரையில் உரசியிருந்தால் தரையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. யாரும் இல்லையென்றால், யாரும் இல்லை அப்பா என்று அந்த ஒரு வரியை உன் கையாலேயே எழுது, கோணலாக இருந்தாலும் போதும். யாராவது இருந்தால், டேம்பர் கடைக்குப் போவதற்கு முன்னால் அவர் இருக்கிற இடத்துக்குப் போ, பாஷை தெரியாதவராக இருந்தாலும் போ, பதினோரு நாள் யோசிக்காதே. நீ உள்ளதை எழுதினால் நானும் உன் அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் யாரை முதலில் திட்டுவாள் என்று பார்ப்போம், என் கணக்கில் நான்தான், பக்கத்தில் இருக்கிறேன்.

அந்தக் கையை டாக்டரிடம் காட்டு. வலது பக்கம் ஒரு போட்டோ அனுப்பு. பெண் வீட்டார் பொங்கலுக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள், டேம்பருக்குப் பிறகு அதையும் கவனி. எந்த ரோட்டில் போனாலும் உனக்கும் ஒன்றும் ஆகாமல், உன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் நீ வீடு சேர வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் தினமும் கும்பிட்டுக்கொள்கிறோம், நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். நாளைக்குக் காலை பஸ்ஸில் புது வருசக் காலண்டரோடு ஆனைக்குட்டம் போகிறேன். அந்தக் கரையில் நடந்தது தெரிந்தவர்களில் கருப்பணன் எண்பத்தொன்றிலேயே போய்விட்டார், பீர் முகைதீன் சுனாமி வந்த வருசம் ரம்ஜானுக்கு முன்னால் போனார், எனக்கு எழுபது தாண்டிவிட்டது, என்னைச் சேர்க்காதே. இன்னும் இருப்பது அந்தப் பெண், சுப்புத்தாய்.

உன் அப்பா
ஊர்க்காவலன்