எட்டில் மூன்று பங்கு மேகம்

ஜனவரி 9

காலை ஆறு மணிக்கு வானிலை நிலையத்து மொட்டைமாடியில் நின்று வானத்தை எட்டாகப் பிரித்தேன். மேகம் மூன்று பங்கு. இருபது வருடமாக இதுதான் வேலை: வானத்தை மனதுக்குள் எட்டுத் துண்டாக்கி, எத்தனை துண்டை மேகம் மூடியிருக்கிறது என்று பதிவேட்டில் எழுதுவது. மற்றவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். நான் கதவருகே நின்றபடி ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். அலுவலகத்தில் எனக்கிருக்கும் ஒரே புகழ் அது.

பிறகு மேல்காற்றை அளக்கும் பலூனை விட்டேன். வெள்ளையாக மேலே போனது, சிறுத்தது, இல்லாமல் போனது. அது போன இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாமல். நின்றுகொண்டே தூங்குவதில் குதிரைக்கு அடுத்தபடி நான்தான்.

ஜனவரி 17

என் வீட்டுக்காரிக்குக் கடிதம் வந்திருக்கிறது. நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். வேறு ஊரில் பெரிய குளம், தலைமைப் பயிற்சியாளர் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். மார்ச் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும்.

"நான் போகட்டுமா?"

"உன் இஷ்டம்."

"போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல. உங்ககிட்ட பேசுறதுக்கு அந்த ஃபிரிட்ஜ்கிட்ட பேசலாம். அதுவாவது நடுநடுவுல உறுமும்."

நியாயம்தான். நான் அவளைத் தொட்டு ஏழு மாதம் ஆகிறது. சண்டை இல்லை, வெறுப்பு இல்லை. ஞாபகமே வருவதில்லை. அது மட்டுமா? பாதியில் விட்ட புத்தகங்கள் வேண்டியதில்லை, பாட்டு வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை வேண்டியதில்லை. எதுவுமே வேண்டாம் என்பவனை வெளியே துறவி என்பார்கள். வீட்டில் அதற்கு வேறு பெயர்.

ஜனவரி 30

கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டேன். நேற்று வலது. நடுநிலையாளன்.

பிப்ரவரி 6

அவள் தம்பி வந்தான். உடற்பயிற்சிக்கூடத்தில் குடியிருப்பவன், வீட்டுக்கு வந்து போவான்.

"மாமா, முன்னெல்லாம் தினம் ஷேவ் பண்ணுவீங்க. இப்ப?"

வாரம் இரண்டு முறை. நேரம் மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

"நாப்பது தாண்டினா இறங்கும் மாமா. டெஸ்டோஸ்டிரோன், ஆம்பள ஹார்மோன். எங்க ட்ரெய்னர் ஊசி தர்றாரு. ஒண்ணு போடுங்க, சிங்கம்."

சின்னப் பெட்டி ஒன்றை என் கையில் திணித்தான். சிங்கம் நாளில் இருபது மணி நேரம் தூங்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அவள் சமையலறையிலிருந்தே கேட்டிருக்கிறாள். "அதத் தொட்டீங்கன்னா தெரியும். டாக்டரப் போய்ப் பாருங்க. எனக்காக இல்ல, உங்களுக்காக." அடுப்பை அணைத்துவிட்டு, "சரி, எனக்காகத்தான்."

பிப்ரவரி 11

தெருக்கோடி மருத்துவர். "காலைல எட்டு மணிக்கு, வெறும் வயித்துல ரத்தம் குடுங்க. இந்த ஹார்மோன் காலைல ஏறியிருக்கும், சாயங்காலம் இறங்கிடும். ஒரு தடவை குறைஞ்சிருந்தா நான் நம்ப மாட்டேன். இன்னொரு நாளும் எடுக்கணும்."

மனிதரைப் பிடித்துவிட்டது. எப்போது எடுத்தது என்று தெரியாத அளவு, அளவல்ல, வதந்தி.

பிப்ரவரி 21

இரண்டாவது முறையும் குறைவு. இருக்க வேண்டிய குறைந்தபட்சத்தில் பாதிகூட இல்லை. ஊசியே போட்டுவிடலாமே என்றேன். "ஏன் குறைஞ்சுதுன்னு தெரியாம ஏத்தக்கூடாது" என்று ஹார்மோன் நிபுணருக்குச் சீட்டு எழுதினார்.

பிப்ரவரி 27

எங்கள் நிலையத்து ரேடார் ஆறு மாதமாகப் பழுது. 'ரேடார்' என்று நாங்கள் அழைக்கும் என் சக ஊழியர் மட்டும் பழுதானதே இல்லை.

"சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதுற மேகம் எப்பவும் மத்தவங்க எழுதுறதவிடக் கம்மியா இருக்கு. இன்னிக்கு மூணுன்னு போட்டிருக்கீங்க. செயற்கைக்கோள் படத்துல ஆறு."

கோபித்துக்கொள்ளத் தெம்பில்லை. மாடிக்குப் போனேன். கதவருகே நின்றேன். மூன்று.

"தலையத் திருப்பிப் பாருங்க சார்."

இடப்பக்கம் திரும்பினேன், மேகம். வலப்பக்கம், மேகம். மலை மலையாக, சத்தமில்லாமல், காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கின்றன.

என்னய்யா நடக்குது? கண்ணு நல்லாத்தானே தெரியுது? எதிர்ச்சுவர் நாள்காட்டியில இருக்கிற பொடி எழுத்தக்கூடப் படிக்கிறேனே—

மார்ச் 3

ஹார்மோன் நிபுணர் ஒரு பெண்மணி. வீட்டிலிருந்து அவளும் என்னோடு வந்தாள். தூக்கம், சோர்வு, சவரம், அது, இது என்று ஒப்பித்தேன்.

"அது இதுன்னா?"

நான் சுவரைப் பார்த்தேன். "ஒம்பது மாசம் ஆகப்போகுது டாக்டர்" என்றாள் அவள்.

எழுந்து போகும்போது, பேச்சோடு பேச்சாக, மேகக் கதையைச் சொன்னேன். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உக்காருங்க. என் மூக்கையே பாருங்க. பக்கவாட்டுல என் விரல் ஆடறது தெரிஞ்சதும் சொல்லுங்க."

பார்த்தேன். மூக்கு அமைதியாக இருந்தது. அறையே மெல்லிய பனிக்குள் மிதப்பதுபோல் சுகமாக இருந்தது. மரியாதைக்குக் கேட்டேன்: "எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?"

பின்னாலிருந்து அவள் குரல். "ஆட்டிக்கிட்டேதாங்க இருக்காங்க."

மார்ச் 8

ஸ்கேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பியாம், அதில் கட்டி. புற்று இல்லை. மேலே எழும்பிக் கண் நரம்பை அழுத்துகிறது, அதனால் இரண்டு ஓரமும் போய்விட்டன. போதாததற்கு, தாய்மாருக்குப் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனை அளவில்லாமல் கொட்டி, ஆண் ஹார்மோனைப் படுக்க வைத்திருக்கிறது. நாற்பத்து நான்கு வயதில் எனக்குக் கிடைத்த முதல் தாய்மை.

அறுவை வேண்டாம். வாரம் இரண்டு மாத்திரை. பெரும்பாலும் சுருங்கிவிடும், அந்த அளவும் தானே ஏறும் என்றார் நிபுணர். மச்சான் கொடுத்த பெட்டியைக் காட்டினேன். "இதப் போட்டிருந்தா காகிதத்துல நம்பர் ஏறியிருக்கும். கட்டி பாட்டுக்கு உள்ள வளர்ந்திருக்கும்" என்று வாங்கித் தன் குப்பைக்கூடையில் போட்டார்.

நடைபாதையில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு, எங்கிட்ட என்ன குறைன்னு தேடிக்கிட்டிருந்தேன்."

ஸ்கேன் படத்தை அவள் மடியில் வைத்தேன். அதைப் பார்த்து அழுதாள், சிரித்தாள். "இந்தப் பட்டாணிக்கா நான் புதுசா மூணு புடவை எடுத்தேன்?"

மார்ச் 29

மாத்திரை தலையைச் சுற்ற வைக்கிறது. ஆனால் வானத்தின் ஓரங்கள், நனைந்த காகிதம் காய்வதுபோல், மெல்ல மெல்லத் திரும்பி வருகின்றன.

மார்ச் 31

வருகிறேன் என்று அந்தப் பெரிய குளத்துக்காரர்களுக்கு எழுதிவிட்டாளாம்.

"என்னக் கேக்காமலா?"

"ஜனவரியிலயே கேட்டேன்."

கோபம் வந்தது. கோபம்! ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத விருந்தாளி. அதை எங்கே உட்கார வைப்பதென்றுகூடத் தெரியவில்லை.

ஏப்ரல் 20

போய்விட்டாள். கட்டில் ஒரு காலி விமான நிலையம்.

ஜூன் 14

நேற்று ரத்த முடிவு: குறைந்தபட்சக் கோட்டைத் தாண்டிவிட்டது, நூலளவு. மருத்துவர் கை குலுக்கினார். அப்படியே பேருந்து ஏறி அவள் ஊருக்குப் போனேன். அழைப்பில்லாமல்.

குளத்தங்கரையில் நீல வெளிச்சம் கூரையெங்கும் அசைந்துகொண்டிருந்தது. அவள் தண்ணீருக்குள்ளிருந்து கேட்டாள்: "என்ன விஷயம்? டாக்டர் அனுப்பினாரா?"

"இல்ல. உன்னப் பாக்கணும்போல இருந்துச்சு."

பக்கத்தில் மிதந்த முதியவர்கள் வகுப்பு மொத்தமும் ஆர்வமாகத் திரும்பிப் பார்த்தது. இன்று காலை பதினோரு மணிக்கு எழுந்தோம். இதற்கு மேல் எழுதுவது பதிவேட்டு ஒழுக்கம் ஆகாது.

ஜூன் 17

அவள் ஊர் நிலையத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே சொல் எழுதியிருந்தேன். அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"மனைவியா? ஏன்யா, கையில அவ்வளவு பெரிய ஸ்கேன் வச்சிருக்கியே. உடல்நலம்னு மாத்தி எழுது, ஒரே வாரத்துல அனுப்பிடுறேன். இப்படிப் போட்டா நாலு மாசம் இழுக்கும்."

"இழுக்கட்டும் சார்" என்றேன்.