பின்பலகை பற்றி இரண்டு கருத்துகள்

இன்று காலை பந்தல்குடியில் பஸ் நின்றபோது ரெசின் வாடை வந்தது. சாலையோரக் கடையில், விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டிக்கு ஃபைபர் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து சீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

பழைய ஃபைபர் படகு வாங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே பார்த்துச் சொல்வதற்காக அருப்புக்கோட்டையிலிருந்து நாம் இருவரும் வேம்பார் கடற்கரைக்குப் போவோம். "கம்மாயிலயே தண்ணி இல்லாத ஊர்க்காரிக, படகு பாக்க வந்துட்டாளுகளா?" என்று கரையில் யாராவது கேட்பார்கள். "தண்ணிய நீங்க பாத்துக்கங்கண்ணே, படக நாங்க பாக்குறோம்" என்பாய்.

பரளச்சிப் பெரியவருக்காக ஒரு படகைப் பார்த்தோமே, ஞாபகமிருக்கிறதா? கடற்கரைப் பையனை விரும்பிக் கட்டிய மகள் அவருக்கு. அடுத்தவர் படகில் கூலிக்குப் போகும் மருமகன் சொந்தப் படகில் போகட்டும் என்று ஆசைப்பட்டார்.

இன்ஜின் மாட்டும் பின்பலகையைச் சுத்தியலால் தட்டினேன். சத்தம் அமுங்கிக் கேட்டது. உள்ளே மரம் ஊறியிருக்கிறது என்றேன். நீயும் தட்டினாய். மேலே பூசிய பட்டி கனம், மரம் நன்றாக இருக்கிறது என்றாய். துளையிட்டுப் பார்க்க விற்பவர் விடவில்லை.

"எனக்கு உறுதியாத் தெரியல. அறிக்கையில உன்னோடத மட்டும் எழுது" என்றேன், இரண்டு விதமாகச் சொன்னால் நம்மை யார் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில். நீ கேட்கவில்லை. என் கருத்தை முதலிலும் உன்னுடையதைப் பிறகும் எழுதி, பெரியவருக்கு வாசித்தே காட்டினாய்.

"உங்களுக்குள்ளயே ஒத்துப்போகல, நீங்கள்லாம் படகு பாக்க வந்துட்டீக!" என்று விற்பவர் கத்தினார்.

பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "மாட்டுக்குச் சுழி பாக்கவே ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போவோம் தம்பி. ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொன்னாத்தான் எனக்குச் சந்தேகம் வரும்." வாங்காமலே போனார்.

அந்தப் படகை வேறொருவர் வாங்கினார். பலகையைப் பிரித்துப் பார்த்ததில் மரம் கல் மாதிரி இருந்ததாம். என்னால் நல்ல படகு கைவிட்டுப் போயிற்று. மருமகன் இன்னும் ஒரு வருஷம் கூலிக்குப் போனான். மரம் நன்றாக இருந்தது என்று தெரிந்த அன்றே அழுதுகொண்டு உன்னிடம் வந்தேன். "அடியே, நான் ஜெயிச்சுட்டேன், பொரிச்ச பரோட்டா வாங்கித் தா" என்றாய். சாப்பிட்டுக் கை கழுவும்போது, திரும்பாமலே, "இதுக்காக அடுத்த தடவ வாய மூடிக்கிட்டு இருந்த, தொலைச்சுப்புடுவேன்" என்றாய்.

இன்று நான் தனியாகப் பார்த்த படகில் பழுது எதுவும் தெரியவில்லை. முன்பானால் நீ ஒரு தட்டுத் தட்டி ஏதாவது மறுத்திருப்பாய். மறுக்க ஆளில்லாத சத்தத்தை எவ்வளவு நம்புவது? வாங்க வந்தவரிடம் வேறு ஒருவரையும் கூட்டி வந்து காட்டச் சொன்னேன். "உங்க மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையாக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

ஆனாலும் அறிக்கையின் கடைசி வரியாக அதை எழுதினேன்: இந்தப் படகை ஒருவர் மட்டுமே பார்த்திருக்கிறார்.